முதுகு ஊசியும் முதல் பக்கமும்

“இன்னாத்துக்கு நீயா சிரிச்சிக்கினு கீற?”

“ஒண்ணுமில்லங்க. கதை.”

“இன்னா கதை? எங்கிட்டயும் சொல்லேன்.”

“சொன்னா நல்லா இருக்காதுங்க. படிச்சாத்தான் நல்லா இருக்கும்.”

கல்யாணமான நாலாம் மாதம், மழை விடாமல் பெய்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்த பேச்சு இது. அடுத்த பக்கத்தைப் புரட்டும்போதே தாஜுன்னிசா இதை மறந்துவிட்டாள். அவள் கணவர் கிதர் முகம்மது இருபது வருஷமாக மறக்கவில்லை.

படிச்சாத்தான் நல்லா இருக்கும். அதில்தான் சிக்கல். அவருக்குப் படிக்கத் தெரியாது.

எட்டு வயதில் வாலாஜாபாத்திலிருந்த மாமாவின் கயிற்றுக் கடையில் வந்து உட்கார்ந்தவர் அவர். பெருக்கல் வகுத்தல் எல்லாம் மனசிலேயே ஓடும். தார்ப்பாயை இரண்டு விரலால் தடவியே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவார். எழுத்து மட்டும் கைக்கு வரவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், “பையன் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கான்” என்று மாமா கூசாமல் சொன்னார். அதில் எட்டு என்ற எண் மட்டும்தான் உண்மை. பெண்ணோ பத்தாவது பாஸ். புத்தகம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அன்றைக்கு மறுத்துப் பேசாத மாப்பிள்ளை அதற்கப்புறமும் பேசவில்லை.

உத்திரமேரூர் பஜாரில் சொந்தமாகக் கடை போட்ட பிறகு, சரக்கு மூட்டைகளின் மேல் கரித்துண்டால் வட்டம், கொம்பு, மீன் முள் என்று அவராகவே அடையாளங்கள் போட்டுவைத்தார். “இது இன்னாங்க புது பாஷை?” என்று தாஜுன்னிசா கேட்டபோது, “வியாபார ரகசியம். வெளிய சொல்லிடாத” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவளும் வெளியே சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வரும்போது, பஸ் ஸ்டாண்டு பக்கத்து வாடகைப் புத்தகக் கடையில் அவளுக்கு ஒரு நாவல் எடுத்துவருவார். அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார். ஒருமுறை ஒரே நாவலை மூன்றாவது தடவையாகக் கொண்டுவந்து நீட்டினார்.

“ஏங்க, இந்தப் பொண்ண எத்தினி தடவதான் நான் கட்டிக் குடுக்கறது?”

“உனக்குப் புடிச்ச பொண்ணாச்சேன்னு எடுத்தாந்தேன்.”

சாயங்காலம் அவர் டீ குடித்துக்கொண்டிருக்க, எதிரில் அவள் படித்துக்கொண்டிருப்பாள். திடீரென்று சிரிப்பாள். கொஞ்ச நேரத்தில் முந்தானையால் மூக்கைத் துடைப்பாள். புத்தகம் மூடப்படும்வரை காத்திருந்து அவர் கேட்பார்:

“இன்னா ஆச்சு?”

“சேர்ந்துட்டாங்க.”

இருநூறு பக்கத்துக்கு ஒரு வார்த்தை. இருபது வருஷத்தில் ஏறக்குறைய ஆயிரம் கதைகளின் முடிவு அவருக்குத் தெரியும். ஒன்றின் ஆரம்பம்கூடத் தெரியாது.

‘எனக்கும் கொஞ்சம் படிச்சுக் காட்டு’ என்று கேட்டால் அவள் படிக்கத்தான் போகிறாள். ஆனால் அதற்கு முன்னால், ‘ஏன், நீங்க எட்டாவது படிச்சவருதானே?’ என்று கேட்பாள். அந்த இடத்தில்தான் அந்த வாக்கியம் இருபது வருஷமாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது.

இப்படி இருக்கையில்தான், இரண்டாயிரமாவது வருஷம் ஜனவரி மாதம், சாலவாக்கத்து விவசாயி ஒருவருக்காகத் தார்ப்பாய்க் கட்டு ஒன்றைத் தூக்கியபோது கிதர் முகம்மதுவுக்குக் குடல் இறங்கியது.

ஊரிலேயே ஒரு நர்சிங் ஹோமில் பார்த்தார்கள். ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்றார்கள். காஞ்சிபுரத்திலிருந்து புதன்கிழமை மட்டும் மயக்க டாக்டர் வருவார். முழு மயக்கம் கொடுத்துத் தூங்கவைத்தும் செய்யலாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகவைத்தும் செய்யலாம், உங்கள் உடம்புக்கு இரண்டும் ஒத்துக்கொள்ளும், எது வேண்டும் என்று யோசித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

யோசிக்க என்ன இருக்கிறது? ஊசி என்றால் கிதர் முகம்மதுவுக்கு நடுக்கம். ஆணி குத்தியதற்கு ஊசி போட அரசு ஆஸ்பத்திரிக்குப் போனவர், செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தது பஜாருக்கே தெரியும். முழு மயக்கம்தான் என்று அவர் முடிவெடுத்து முடிப்பதற்குள், பக்கத்து சைக்கிள் கடை வேதாசலம் தன் அனுபவத்தைச் சொல்ல வந்துவிட்டார்.

“மயக்கத்த மட்டும் நம்பாத பாய். எனக்கு அப்பெண்டிசு ஆபரேஷன் பண்ணப்போ, காஞ்சிபுரத்துல வாங்கினேன்னு எம் பொண்டாட்டிக்குக் குடுத்த பட்டுப் பொடவ, வாலாஜாபாத்து ஆடித் தள்ளுபடியில எடுத்ததுன்னு அவகிட்டயே ஒளறிட்டேன். மனசுல இன்னா கீதோ அது அப்படியே வாயில வந்துடுது. ஆறு மாசம் பேச்சே இல்ல!”

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பஞ்சர் ஒட்டப் போய்விட்டார். கிதர் முகம்மது பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்தார். ‘எட்டாவது பொய்யி, எட்டாவது பொய்யி’ என்று தான் உளறுவது அவர் காதிலேயே கேட்டது.

“முதுகு ஊசியே போட்டுக்கலாம்னு பாக்கறேன்” என்றார் வீட்டில்.

தாஜுன்னிசா அரிசி களைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். வேதாசலத்தின் கதை அதற்குள் அவளுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

“ஊசியா? நீங்களா?”

“இன்னா இப்போ? ஆம்பள தாங்கிக்க மாட்டானா?”

“தாங்கிக்கலாம். ஆனா வேணாம். உங்களுக்கு முழு மயக்கந்தான். நான் பக்கத்துலயே ஸ்டூல் போட்டுக்கினு குந்தி, ஒரு வார்த்த வுடாம கேக்கப் போறேன்.”

“கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல.”

“அப்போ ஏன் மூஞ்சி வேர்க்குது? இது மார்கழிப் பனிகூட முழுசா வுடாத மாசம்.” அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “யாருங்க அவ? எந்த ஊரு, மானாம்பதியா, சாலவாக்கமா? கவுறு வாங்க வரவளா, கோணி வாங்க வரவளா?”

“போடி, பேஜாரு புடிச்சவளே!”

சிரிப்பு சிரிப்பாகத்தான் போனது. ஆனால் அன்று அவள் நாவலை எடுத்து விரித்தும் பக்கம் புரளவில்லை. கிதர் முகம்மது அதைக் கவனித்தார். ஊசிக்கு நடுங்கும் மனுஷன் ஊசியே வேண்டும் என்கிறார் என்றால், உள்ளே ஏதோ இருக்கத்தான் இருக்கிறது என்று அவளுக்கும் பட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை எட்டு மணிக்கு இருவரும் நர்சிங் ஹோமில் இருந்தார்கள். மகள் சாதியா வாலாஜாபாத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தாள். தாஜுன்னிசாவின் வயர் கூடையில் ஃபிளாஸ்க், லுங்கி, துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே அந்த வாரத்து நாவல்.

மயக்க டாக்டர் கலைச்செல்வன் நாற்பது வயதுக்காரர். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

“கடைசியா எப்ப பாய் சாப்பிட்டீங்க?”

“காலம்பறதான் சார்.”

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார். “காலம்பறன்னா?”

“நாலரை மணிக்கு” என்று தாஜுன்னிசா பெருமையாக முன்னால் வந்தாள். “இன்னிக்கு முழுக்க சாப்பிடக் கூடாதுன்னாரு. பட்டினி தாங்கணுமேன்னு எழுப்பி, சோறு, கறிக் கொழம்பு, மேல கொஞ்சம் தயிரு, ரெண்டு வாழப்பழம். பாங்கு சொல்றதுக்கு முன்னாடி டீயும் குடுத்துட்டேன் சார். அதுக்கப்புறம் பச்சத் தண்ணி பல்லுல படல!”

நோன்புப் பெருநாள் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரு மாதம் விடியலுக்கு முன் எழுந்து சஹர் சமைத்த கை, நாளை பட்டினி என்று கேட்டதும் தானாகவே அடுப்பை மூட்டிவிட்டது.

டாக்டர் கொஞ்ச நேரம் மேல்கூரையைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது.

“அம்மா, நோன்பு நல்லாத்தான் வெச்சிருக்கீங்க. ஆனா இது வேற நோன்பு. வயித்துல சோறு இருந்தா, மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிடும். உயிருக்கே ஆபத்து. முதுகு ஊசின்னாலும் வயிறு காலியாத்தான் இருக்கணும். மத்த கேஸ முடிச்சிட்டு மூணு மணிக்கு வரேன். அதுவரைக்கும் ஒண்ணும் குடுக்காதீங்க.”

“ராத்திரி பத்து மணிக்கு மேல தண்ணிகூட வேணாம்னு சீட்டுல எழுதியே குடுத்தேனே பாய்?” என்றாள் நர்ஸ் ஜெனிஃபர். குரலில் அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

சீட்டு அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது, கொடுத்த நாலு மடிப்பும் கலையாமல். தாஜுன்னிசா அதை எடுத்துப் பிரித்துப் படித்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

“இத்த ஏன் எங்கிட்ட காட்டல?”

“மறந்துட்டேன்.”

“படிச்சுப் பாக்கக்கூடவா மறந்துட்டீங்க?”

அவர் ஜன்னல் வழியாக வெளியே நின்ற டவுன் பஸ்ஸை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிவரை செய்ய வேலை எதுவும் இல்லை. கடை இல்லை, சமையல் இல்லை. இருபது வருஷத்தில் இப்படிச் சும்மா எதிரெதிரே உட்கார்ந்தது இல்லை என்பதால் இருவருக்கும் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. அவள் நாவலை எடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பதினைந்தாவது நிமிஷம் அவள் உதடு லேசாக விரிந்தது.

“இன்னா?” என்றார் உடனே.

“ஒண்ணுமில்லங்க.”

பதினொரு மணிக்கு ஜெனிஃபர் ஒரு அச்சடித்த தாளோடு வந்தாள். “இத்த நல்லா படிச்சிட்டு, எந்த மயக்கம்னு கட்டத்துல டிக் போட்டுக் கையெழுத்துப் போடுங்க பாய். டாக்டர் கேப்பாரு.”

கிதர் முகம்மது தாளை வாங்கிக் கொஞ்சம் தூரமாகப் பிடித்தார். அப்புறம் கிட்டத்தில் பிடித்தார். மீன் முள்ளும் வட்டமும் போட்டவருக்கு, எறும்பு வரிசை வரிசையாகப் போவதுபோல இருந்தது.

“கண்ணாடி கொண்டாரல. நீ படி தாஜு.”

“உங்களுக்கு எப்பங்க கண்ணாடி போட்டாங்க?”

“போடணும்னு கீறேன்.”

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் தாளை வாங்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்கத் தொடங்கினாள்.

“‘கீழே கையொப்பமிடும் நான், எனக்குச் செய்யப்படவிருக்கும் அறுவை சிகிச்சைக்காக, முழு மயக்கம், முதுகுத்தண்டு ஊசி ஆகிய இரண்டைப் பற்றியும் விளக்கமாகக் கேட்டு அறிந்துகொண்டேன்...’”

வீட்டில் அவள் பேசும் குரல் இது இல்லை. இழுவை இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையும் முழுசாக, பள்ளிக்கூடத்து மேடையில் நின்று படிப்பதுபோல இருந்தது. கால்புள்ளி வந்த இடத்தில் நின்றாள். பயமான இடம் வந்தபோது அவளை அறியாமலே குரல் இறங்கியது.

“‘முதுகுத்தண்டு ஊசி போடப்படும்போது நான் விழித்திருப்பேன். பேச்சுக் குரல்கள் எனக்குக் கேட்கும். என் கால்கள் கனத்து, பின்பு என்னுடையவை அல்லாதனபோல் ஆகும்...’”

கிதர் முகம்மது மூச்சுவிடாமல் கேட்டார். தன்னைப் பற்றிய கதை! அடுத்து என்ன ஆகுமோ என்று இருந்தது.

“‘சிகிச்சைக்குப் பின் மறுநாள் காலைவரை தலையணையின்றி மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்பதையும், தலையைத் தூக்கினால் கடும் தலைவலி வரக்கூடும் என்பதையும், உடன் ஒருவர் இருக்க வேண்டும் என்பதையும் அறிவேன்.’”

அவள் நிறுத்தினாள்.

“அப்பறம்?” என்றார்.

“அப்பறம் இன்னா, கையெழுத்துதான்.”

“அவ்ளோதானா? இன்னொரு வாட்டி படி.”

“இன்னாங்க இது, சினிமாவா ரெண்டாவது ஆட்டம் பாக்கறதுக்கு?”

“புரியல. மொதல்லேருந்து படி.”

அவள் மறுபடியும் படித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆஸ்பத்திரித் தாளே இப்படி இருந்தால், இவள் சிரித்துச் சிரித்துப் படிக்கிற அந்த நாவல் எப்படி இருக்கும்? இருபது வருஷமாக நான் எதை விட்டுக்கொண்டிருக்கிறேன்? இரண்டாம் தடவை முடிந்தபோது அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது.

“அய்யோ, பயந்துட்டீங்களா?” என்று அவள் தன் முந்தானையை எடுத்தாள்.

“பசி” என்றார்.

மூன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது டாக்டர் வந்தார். கட்டம் காலியாக இருந்தது.

“இன்னும் முடிவு பண்ணலியா பாய்?”

“அவருக்கு முழு மயக்கத்துல ஒளறிடுவோமோன்னு பயம் சார்” என்று தாஜுன்னிசா போட்டு உடைத்தாள். “நான் அத்த கேக்கறதுக்குத்தான் வந்துருக்கேன். சைக்கிள் கடை வேதாசலம் அண்ணன் பொடவ ரகசியத்தையே ஒளறிட்டாராமே!”

டாக்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார். “வேதாசலமா? அவரு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியற கதையாச்சே அது, நான் மறைச்சு இன்னா ஆவப் போவுது. அவருக்கு மயக்கம் குடுத்தது நான்தாம்மா. முழு மயக்கமே இல்ல, முதுகு ஊசி. மனுஷன் நல்லா முழிச்சிக்கினு எங்கூட எலக்சன் பேசிக்கினு இருந்தாரு. ரொம்ப நாளா சொல்ல நெனச்சிருப்பாரு. மயக்கத்து மேல பழியப் போட்டுச் சொல்லிட்டாரு.”



“அப்போ முழு மயக்கத்துல?” என்று மெதுவாகக் கேட்டார் கிதர் முகம்மது.

“தெளியறப்போ ஒண்ணு ரெண்டு வார்த்த கொழறும். தண்ணி கேப்பாங்க, அம்மான்னுவாங்க. வாழ்க்கை ரகசியமெல்லாம் வராது பாய். தைரியமா தூங்குங்க. கையில நரம்புல ஒரு சின்ன ஊசி, அவ்வளவுதான். கண்ண முழிச்சா ஆபரேஷன் முடிஞ்சிருக்கும். முழு மயக்கமே போட்டுடலாமா?”

கேட்டதெல்லாம் தானாக நடந்துவிட்டது. முதுகில் ஊசி வேண்டாம். ரகசியமும் பத்திரம். இன்னும் இருபது வருஷம்கூடப் பத்திரமாக இருக்கும். கிதர் முகம்மது மனைவியைப் பார்த்தார். ‘போச்சுடா, ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது போலக் கீது’ என்ற முகத்தோடு அவள் வயர் கூடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கூடைக்கு மேலே அந்த நாவல், பாதியில் மடித்த பக்கத்தோடு.

வேதாசலமே முழித்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறான்.

“முதுகு ஊசியே போடுங்க சார்” என்றார்.

தாஜுன்னிசா சட்டென்று நிமிர்ந்தாள். டாக்டர் புருவத்தை உயர்த்தினார். “நல்லா யோசிச்சீங்களா? ஊசின்னா ஆவாதுன்னு கேள்விப்பட்டேன். நாளைக்குக் காலை வரைக்கும் மல்லாக்கப் படுத்தே கெடக்கணும்.”

“அதுக்குத்தான் சார்.”

டாக்டருக்குப் புரியவில்லை. சரி என்று தலையாட்டினார். கிதர் முகம்மது பேனாவை வாங்கி, “எந்தக் கட்டம்?” என்று ஜெனிஃபரைக் கேட்டு, அவள் விரல் காட்டிய இடத்தில் டிக் போட்டார். கீழே, மாமா கடையில் மூன்று மாசம் பழகிய தன் கையெழுத்தை, கோலம் போடுவதுபோல நிதானமாக வரைந்தார். பச்சைத் துணி எடுத்துவருகிறேன் என்று ஜெனிஃபர் டாக்டரோடு வெளியே போனாள்.

இருவரும் தனியாக இருந்தார்கள். தாஜுன்னிசாவின் குரலில் இப்போது கேலி இல்லை.

“ஏங்க, அதான் ஒண்ணும் ஒளற மாட்டீங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரே. நிம்மதியா தூங்க வேண்டியதுதானே? நான் சும்மா வெளையாட்டுக்குத்தான் கேட்டேன். மனசுல எதுனா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். நான் கேக்கல.”

“நீ கேக்கலன்னாலும் நான் சொல்லணும். ஒளறிச் சொல்லக் கூடாது தாஜு. முழிச்சிக்கினு சொல்லணும்.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். “யாருங்க அவ?” என்றாள், பாதி சிரிப்பும் பாதி பயமுமாக.

கிதர் முகம்மது கையை நீட்டிக் கூடையிலிருந்த நாவலை எடுத்தார். அட்டையில் ஒரு பெண் மாடிப்படியில் நின்று யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அந்த மடித்த பக்கத்தை விரலால் நீவி நேராக்கி, புத்தகத்தை முதல் பக்கத்தில் திறந்து, மனைவியின் மடியில் வைத்தார்.

“நான் எட்டாவது படிக்கல. ஒண்ணாவதுகூட முழுசாப் படிக்கல. மாமா சொன்னது பொய்யி. நாளைக்குக் காலம்பற வரைக்கும் நான் தூங்கவும் மாட்டேன், எழுந்து ஓடவும் மாட்டேன். இந்தக் கதைய எனக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டு தாஜு. சேர்ந்துட்டாங்கன்னு மட்டும் சொல்லாத. மொதப் பக்கத்துலேருந்து படி.”